கடலில்லாத ஊரில் அலை பார்ப்பவர்

உலகத்தில் மழை பார்ப்பவர்கள் உண்டு, கைரேகை பார்ப்பவர்கள் உண்டு, மாப்பிள்ளை பார்ப்பவர்கள் உண்டு. அலை பார்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறதே, கண்டிருக்கிறீர்களா? கடற்கரையில் போய்த் தேடாதீர்கள், அங்கே அகப்படமாட்டார். கடலுக்கு ஆயிரம் மைல் உள்ளே, சோளத்தையும் சோயாவையும் தவிர நாலு பக்கமும் வேறெதுவும் அசையாத அயோவாவில், ட்ரூடியின் காபிக் கடையில், ஜன்னலோர மேஜையில், விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்த தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இந்தத் தடவை அலை வருது, எழுதி வெச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஜனாதிபதி தேர்தல் வருஷம் என்றால் அவருக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். ஜனாதிபதி நாற்காலி காலியில்லாமல், நாடாளுமன்றத்துக்கும் மற்ற சில்லறைப் பதவிகளுக்கும் மட்டும் நடக்கிற நடுவாந்தரத் தேர்தல் வந்தால் ஜன்னி.

ஆர்டித் இந்த மனிதரின் பெயரை முதன்முதலில் கேட்டது தேவாலயத்தின் அடித்தளத்தில், பன்றித்தொடைக் கறி விருந்தில். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயசு. உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் தாய்மாமன் ஹார்லன் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஓல்த்ஹாஃப் பையன் டெல்பர்ட் என்ன சொல்றான் தெரியுமா? யானைக் கட்சி இந்தத் தடவை நம்ம மாவட்டத்துல மண்ணைக் கவ்வுமாம்."

"எந்த டெல்பர்ட்? அப்பா பெரியவரா, பிள்ளை சின்னவனா?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட சித்தி.

"சின்னவன்தான். பெரியவர் பசுமாட்டுக்கிட்டகூடப் பேசமாட்டாரே."

அந்த நாட்டில் பெரிய கட்சி இரண்டு, ஒன்றுக்குச் சின்னம் யானை, மற்றதற்குக் கழுதை. யானைக் கட்சி மண்ணைக் கவ்வவில்லை. முன்னைவிடக் கூடுதலாக ஜெயித்தது. தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அதே அடித்தளத்தில் நடந்த விருந்தில், சின்ன டெல்பர்ட்டை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் அசரவில்லை. "என் கணக்கு சரிதான். ஓட்டுப் போட வந்த கூட்டம்தான் தப்பான கூட்டம்" என்றார். ஆர்டித்துக்குச் சிரிப்புத் தாளவில்லை. கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. சிரித்தவள் மாட்டிக்கொண்டாள். மறு வருஷம் கல்யாணம்.

கல்யாணமான அன்றைக்கு அவள் பெயர் காணாமல் போனது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. கட்டிக்கொண்டவனின் முழுப்பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸஸ்' போட்டால் பெண்டாட்டியின் பெயர் தயார். ஆர்டித் 'மிஸஸ் டெல்பர்ட் ஓல்த்ஹாஃப்' ஆனாள். இதில் ஒரு சிக்கல். பெரிய டெல்பர்ட்டின் மனைவி, அவள் மாமியார் மார்செலா, ஏற்கெனவே மிஸஸ் டெல்பர்ட் ஓல்த்ஹாஃப். தேவாலயத்துப் பெண்கள் சேர்ந்து போட்ட சமையல் புத்தகத்தில் பீட்ரூட் ஊறுகாய் இரண்டு உண்டு. ஒன்று நாக்கில் கரையும், மற்றது பல்லைக் கூசவைக்கும். இரண்டுக்கும் அடியில் மிஸஸ் டெல்பர்ட் ஓல்த்ஹாஃப் என்றுதான் போட்டிருக்கும். பல் கூசுவது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், மாமியாரும் மருமகளும் சேர்ந்தாற்போல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். புத்தகம் மறுபடி அச்சாகும்போதெல்லாம் ஆர்டித் கேட்டாள். "என் பேரைப் போடுங்களேன். ஆர்டித்னு." பெண்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு, "அப்படியும் செய்யலாம்" என்றார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் 'அப்படியும் செய்யலாம்' என்றாலோ, 'அப்படியும் இருக்கலாம்' என்றாலோ, 'செத்தாலும் கிடையாது' என்று அர்த்தம். மூஞ்சிக்கு நேரே மறுத்துச் சொல்வது அங்கே அநாகரிகம். குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாத ஒரே ஆள் டெல்பர்ட். அவர் ஜனங்களின் மனசைப் படிப்பவர் ஆயிற்றே!

எப்படிப் படிக்கிறார்? அதற்கென்று தனி சாஸ்திரம் வைத்திருந்தார். தேர்தல் நெருங்கினால் வீட்டுக்கு வீடு புல்வெளியில் கட்சிப் பலகை குத்திவைப்பார்களே, அதை எண்ணுவதற்காகச் சரளைக்கல் சாலையெல்லாம் வண்டியை ஊர்ந்து ஓட்டுவார். பலகை நிமிர்ந்து நின்றால் ஆதரவு நிமிர்ந்து நிற்கிறது. காற்றில் சாய்ந்திருந்தால், "கழுதைக் கட்சி சரியுது, பார்த்தியா?" ஒரு வீட்டில் எட்டு வருஷத்துக்கு முந்தைய பலகை ஒன்று வெளிறிப்போய் நின்றது. கோழிக்கூண்டு ஓட்டையை அடைக்க வைத்தது. டெல்பர்ட் அதை 'அசைக்க முடியாத ஆதரவு' என்று கணக்கில் சேர்த்தார். அந்த வீட்டுக்காரர் செத்து மூன்று வருஷம். கோழிகள்தான் ஆதரவாளர்கள்.

பிறகு ட்ரூடியின் கடை. காலையில் உள்ளே நுழைந்ததும் விசாரணை.

"ட்ரூடி, நேத்து எத்தனை பேர் ஆப்பிள் பைப் பலகாரம் சாப்பிட்டாங்க?"

"எதுக்குக் கேக்கறே?"

"வயிறு நிறைஞ்சவன் ஆளுங்கட்சிக்குப் போடுவான். வெறும் காபி குடிச்சவன் எதிர்க்கட்சி. முட்டை விலை வேற ஏறியிருக்கு. சொல்லேன்."

"பலகாரத்தைச் சுட்டவ தீய்ச்சிட்டா. யாரும் சாப்பிடலை."

"அதானே பார்த்தேன்!" என்று தொடையில் தட்டினார் டெல்பர்ட். "அலைதான். சந்தேகமே இல்லை."

இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி தொலைபேசி. தேர்தல் வருஷத்தில் கருத்துக் கணிப்புக்காரர்கள் சாப்பாட்டு வேளை பார்த்துக் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் எடுத்த கையோடு வைத்துவிடுவார்கள். டெல்பர்ட் வைக்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடு சரியான திசையில் போகிறதா என்ற கேள்விக்கு, "எந்தச் சாலையில போறதாக் கேக்கறீங்க?" என்று தொடங்குவார். மறுமுனையில் இருக்கிற பெண்பிள்ளை, ஓரளவு உறுதியா, மிகவும் உறுதியா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் ஐயா என்று கெஞ்சும்வரை பேசுவார். சூப்பு ஆறி ஆடை கட்டிக்கொள்ளும். பத்து நாள் கழித்து, கிராமப்புறத்து மூத்த வாக்காளர்களின் மனநிலை இன்னது என்று கணிப்பு வெளியாகும். டெல்பர்ட் துள்ளிக் குதிப்பார்.

"ஆர்டித், இங்க வா! வந்து பாரு. நான் என்ன சொன்னேனோ அதையே அச்சு அசலா சொல்றாங்க!"

"சொல்லமாட்டாங்களா பின்னே? இந்தப் பக்கத்துல அவங்க கேட்ட ஒரே ஆளு நீதானே, டெல்."

"அதுக்கென்ன? சரியான ஆளைத்தான் கேட்டிருக்காங்க."

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வைப்பார். இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள இது ஒன்று போதும். விரலை மேலே தூக்கி, குரலை இறக்கி, ஏதோ வயிற்றில் இருக்கிற பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லப்போகிறவர்போல, "ஆனா ஒண்ணு. எல்லாம் யாரு வந்து ஓட்டுப் போடுறாங்கங்கறதுல இருக்கு" என்பார். யோசித்துப் பாருங்கள். இந்த வாக்கியம் என்றைக்காவது பொய்க்குமா? யானை ஜெயித்தாலும் சரி, கழுதை ஜெயித்தாலும் சரி. ஓட்டுப் போட்டவர்கள் போட்டதால்தான் ஜெயித்தார்கள்!

இப்படி நாட்டுக்கே ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தவரின் வீட்டில் ஒரு நடுவாந்தரத் தேர்தலின்போது வேட்பாளர் ஒருவர் முளைத்தார். ஆர்டித்.

மாவட்டத்துக்குள் சில பண்ணைகள் சேர்ந்த சின்னத் துண்டுக்கு டவுன்ஷிப் என்று பெயர், அதை நிர்வகிக்க டிரஸ்டி என்று ஒரு பதவி. மூன்று பேர். இடுகாட்டில் புல் வெட்ட ஆள் வைப்பது, வேலித் தகராறு வந்தால் ரெண்டு பக்கமும் நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, ஊருக்கு என்று இருக்கிற ஒரே தீயணைப்பு வண்டியைப் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. ஒரு டிரஸ்டி முழங்கால் வலிக்கு வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யார் மனுப் போடுவது? 'நீ நில்லேன்', 'சேச்சே, நீ நில்லு', 'உனக்கில்லாத தகுதியா' என்று மரியாதை பண்ணிக்கொண்டே கடைசித் தேதியைக் கோட்டைவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். இனி ஒரே வழிதான். வாக்குச் சீட்டின் பின்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு வெற்றுக்கோடு இருக்கும். யார் வேண்டுமோ அவர் பெயரை வாக்காளர் தன் கையால் எழுத வேண்டும்.

மிச்சமிருந்த இரண்டு டிரஸ்டிகளில் ஒருவர் தீயணைப்பு வண்டி இருக்கட்டும் என்றார், மற்றவர் விற்றுவிட்டுப் பெரிய ஊர் வண்டியோடு ஒப்பந்தம் போடலாம் என்றார். காலியான இடத்துக்குப் பெயர் அடிபட்ட, பன்றிப்பண்ணை வைத்திருந்த ராண்டி வோஸ் விற்கிற பக்கம். நல்ல மனுஷன்தான், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் பன்றிக்கறியோடு வந்து நிற்பவன். "ஓட்டை வண்டி, ஆர்டித். வரியெல்லாம் டயர் வாங்கவே போகுது" என்றான்.

ஆர்டித்தால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவள் தம்பி கேலனின் டிராக்டர்க் கொட்டகை ஓர் அறுவடைக் காலத்தில் தீப்பிடித்தது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் எரிவாயுத் தொட்டி. உள்ளே கேலனின் மனைவி குழந்தைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டை வண்டிதான் புகை கக்கிக்கொண்டு வந்து தொட்டிமேல் தண்ணீர் அடித்தது. பெரிய ஊர் வண்டி அன்றைக்கு வந்திருக்கவே முடியாது. நடுவில் இருக்கிற ஆற்றுப்பாலம் கனத்த வண்டியைத் தாங்காது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். சுற்றிக்கொண்டு வந்து என்ன செய்ய? சாம்பலை நனைக்கலாம்.

ஆகவே ஆர்டித் வீடு வீடாகப் போனாள். ஓட்டுக் கேட்பது அங்கே கடன் கேட்பதைவிடக் கூச்சமான காரியம். இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய், வானிலை பேசி, மாட்டுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, வாசற்படியில் இறங்கும்போது, "அப்புறம், அந்தக் கடைசிக் கோட்டுல என் பேரை எழுதுனீங்கன்னா சந்தோஷம். ஆர்டித். வேற எதுவும் வேணாம், ஆர்டித் ஓல்த்ஹாஃப்னு எழுதினாப் போதும்" என்பாள். ஒவ்வொரு வாசலிலும் தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லி, நாலாவது நாள் அவளுக்கே அந்தப் பெயரில் ஒரு பிரியம் வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்து, "ஆர்டித்" என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

டெல்பர்ட் என்ன செய்தார்? உதவினார். கடவுளே, உதவினார்!

ட்ரூடியின் கடையில் எழுந்து நின்று அறிவித்தார். "டிரஸ்டி பதவி முடிஞ்ச கதை. ஆர்டித்துக்கு அறுபத்தெட்டு சதவீதம். முன்னப்பின்ன நாலு."

"மொத்தமே ஐம்பது பேர்தானேய்யா அந்தக் கோட்டுல எழுதப்போறான்" என்றார் சோளக் கிடங்குக்காரர் ஒருவர். "நாலு சதவீதம்னா ரெண்டு ஆளு. எந்த ரெண்டு ஆளுன்னு பேரையே சொல்லிடேன்."

"புள்ளிவிவரம் உனக்குப் புரியாது. நான் எல்லாரையும் கேட்டுட்டேன். ஆர்டித்துக்குப் போடுவியான்னு கேட்டா, ஒருத்தன்கூட மறுத்துப் பேசலை. 'அப்படியும் இருக்கலாம்'னு அத்தனை பேரும் சொல்றான்!"

கடையே காபியைக் குனிந்து பார்த்தது. ட்ரூடி ஆர்டித்துக்குப் போன் போட்டாள். "உன் புருஷன் வாயை ஏதாவது துணி வெச்சு அடைச்சுவை. வேணுங்கிறவனையும் வீட்டுல உக்கார வெச்சிடுவான்போல இருக்கு."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஆர்டித் கெஞ்சினாள். "டெல், எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். நான் ஜெயிப்பேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. தோத்துடுவா போல, பாவம், வந்து போடுங்கன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?" டெல்பர்ட்டின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "இத்தனை வருஷமா இந்த ஊரு என் வாக்கை நம்பிக்கிட்டிருக்கு, ஆர்டித்."

"இத்தனை வருஷத்துல எது பலிச்சிருக்கு?"

"அது வேற விஷயம்."

தேர்தல் நாள் வந்தது. வாக்குச்சாவடி தேவாலயத்தின் அடித்தளம், ஆர்டித் முதன்முதலில் டெல்பர்ட்டின் பெயரைக் கேட்டு, பிறகு அவர் பேச்சைக் கேட்டுக் கரண்டியைத் தவறவிட்ட அதே இடம். டெல்பர்ட் விடியற்காலையிலேயே எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, உள்ளே போகிற முகங்களைப் படிக்கத் தொடங்கினார். வாசலில் பூட்ஸ் மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறவன் கழுதைக் கட்சி, மாற்றம் வேண்டுகிறவன். தட்டாமல் போகிறவன் யானை, இருப்பது இருக்கட்டும் என்கிறவன். அன்றைக்கு மழை பெய்திருந்தது. எல்லோரும் தட்டினார்கள். டெல்பர்ட்டுக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. அலை! பேரலை!

மழை மதியத்தில் விட்டது. வெயில் அடித்தது. வயலில் அறுவடைக்குச் சோளம் நின்றது. சாவடியை மூடப்போகிற நேரத்தில்தான் அவருக்குத் தான் இன்னும் ஓட்டுப் போடவில்லை என்ற ஞாபகம் வந்தது. பாதிச் சாப்பாட்டை இருக்கையில் போட்டுவிட்டு ஓடினார். உள்ளே போனார், எழுதினார், வெளியே வந்தார். சட்டையில் 'நான் வாக்களித்தேன்' வில்லை. முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு. வாசலில் நின்றிருந்த ஆர்டித் அதைப் பார்த்தாள். கல்யாணத்தன்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. அப்போது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாடு முழுக்க வந்த முடிவைப் பற்றிக் கேட்கிறீர்களா? சில இடத்தில் யானை, சில இடத்தில் கழுதை. பேரலை என்று ஒன்றும் வரவில்லை. "கணுக்கால் வரைக்கும் வந்தாலும் அலை அலைதான்" என்றார் டெல்பர்ட்.

கோட்டில் கையால் எழுதிய பெயர்களை எண்ணுவதற்கு ஒரு வாரம் பிடித்தது. மாவட்ட அலுவலகத்துக்கு ஆர்டித், டெல்பர்ட், கேலன் மூவரும் போனார்கள். ராண்டி வோஸும் பண்ணை வாசனையோடு வந்து பணிவாக ஓரத்தில் உட்கார்ந்தான். அதிகாரி ஜோலீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"ராண்டி வோஸ், இருபத்துமூணு. ஆர்டித் ஓல்த்ஹாஃப், இருபத்துமூணு."

கேலன் அக்காவின் கையைப் பிடித்தான். ஜோலீன் இன்னும் முடிக்கவில்லை.

"பஸ்டர், ஒண்ணு. இது யாரு?"

"என் நாய்" என்றான் ராண்டி, தரையைப் பார்த்தபடி. "எனக்கு நானே போட்டுக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"அப்புறம் இன்னொண்ணு." ஜோலீன் சீட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். "மிஸஸ் டெல்பர்ட் ஓல்த்ஹாஃப், ஒண்ணு."

ரகசிய வாக்கு அல்லவா? யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியவே தெரியாது! இருபத்துமூன்று பேர், பெரும்பாலோர் அவளுக்கு உறவா ரத்தமா ஒன்றும் இல்லாதவர்கள், குளிரில் விறைத்த கையால் 'ஆர்டித்' என்று எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் வேறுமாதிரி எழுதியிருக்கிறார். ஆர்டித் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். டெல்பர்ட் கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அது எங்க அக்காதானே, ஜோலீன்?" என்றான் கேலன். "இருபத்துநாலுன்னு போடு."

"அங்கதான் வம்பு." ஜோலீன் வாக்காளர் பட்டியலைத் தட்டினாள். "அதே டவுன்ஷிப்ல மிஸஸ் டெல்பர்ட் ஓல்த்ஹாஃப் ரெண்டு பேர். மார்செலாவும் உயிரோட இருக்காங்க, ஓட்டும் இருக்கு. எந்த மிஸஸ்னு நான் எப்படிச் சொல்ல?"

மார்செலாவுக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கணீரென்று வந்தது.

"நான் எங்கேயும் நிக்கலை. ஆனா எனக்குன்னு ஒரு ஓட்டு விழுந்திருக்குன்னு சொல்றே. அதைத் தூக்கி இன்னொருத்திக்குக் குடுக்கணுமா? ஊறுகாயைக் குடுத்தது போதாதா?"

"அம்மா!" என்றார் டெல்பர்ட்.

"யாரு, சின்னவனா? நீதான் எனக்கு ஓட்டுப் போட்டியா? நல்ல பிள்ளை."

போன் வைக்கப்பட்டது. கேலனுக்கு ஆத்திரம் பொங்கியது. "மாமா, ரெண்டு பேர் சோளம் அறுக்கப் போயிட்டாங்க, தெரியுமா? ஏன்டா வரலைன்னு கேட்டா, 'உங்க அக்கா அறுபத்தெட்டு சதவீதம்னு டெல்பர்ட் சொன்னாரே, நான் வேற எதுக்கு'ங்கறான். போதாக்குறைக்கு நீங்க வேற—" ஆர்டித் அவன் கையை அழுத்தினாள்.

அந்த ஓட்டு யார் கணக்கிலும் சேரவில்லை. சமமாக வந்தால் சட்டப்படி திருவுளச்சீட்டு. ஜோலீன் ஒரே அளவாக இரண்டு காகிதம் கிழித்தாள். பெயர்களை எழுதினாள். மடித்தாள். சுற்றிப் பார்த்தாள். "போட்டுக் குலுக்க ஏதாவது வேணுமே. டெல்பர்ட், அந்தத் தொப்பியைக் குடுங்க."

சவ அடக்கத்துக்கும் ஜெபத்துக்கும் தவிர டெல்பர்ட் தொப்பியைக் கழற்றியதில்லை. கழற்றினார். வெயில் பட்டுச் சிவந்த முகத்துக்கு மேலே, தொப்பி மறைத்திருந்த நெற்றி பாலாடை மாதிரி வெளுத்துக் கிடந்தது. பாவமாக இருந்தது.

"சொல்லு டெல்பர்ட்" என்றான் ராண்டி, கேலிக்கில்லை, ஒரு பேச்சுக்கு. "ரெண்டே சீட்டு. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

டெல்பர்ட் விரலைத் தூக்கினார். குரலை இறக்கினார். "எல்லாம் யாரு வந்து..." என்று தொடங்கிவிட்டு, தம்பி கையைப் பிடித்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் எரிவாயுத் தொட்டியை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது, ஊர் மனசையெல்லாம் படித்த அந்த மனிதருக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கக் கிடைத்தது. விரலை இறக்கினார்.

"தெரியலைப்பா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த மாவட்டம் கேட்டதே இல்லை. ஜோலீன் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். தொப்பிக்குள் கையை விட்டாள், ஒன்றை எடுத்தாள், பிரித்தாள்.

"ஆர்டித்" என்று வாசித்தாள்.

கேலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஒரு கூச்சல் போட்டான், பக்கத்து அறையில் படகு உரிமம் வாங்க வந்த கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ராண்டி வந்து ஆர்டித்தின் கையைக் குலுக்கினான். "பரவாயில்லை, இன்னும் மோசமாப் போயிருக்கலாம்" என்றான். அங்கே அதற்குமேல் யாரும் வாழ்த்துச் சொல்ல முடியாது. "நல்லவேளை, பஸ்டர் ஜெயிக்கலை."

வீடு திரும்பும்போது வண்டியில் ஆர்டித்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"ஏன் அப்படி எழுதினே, டெல்?"

"யாரு எழுதினது? ரகசிய வாக்கு."

"டெல்."

சரளைக்கல் சக்கரத்தில் கடகடத்தது. டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்தார்.

"எத்தனை வருஷமா ஓட்டுச் சீட்டைப் பார்த்திருக்கேன். யார் யார் பேரோ இருக்கும். நம்ம பேரு அதுல எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. எழுதிட்டேன்."

"நம்ம பேரா?"

"அழகா இருந்துச்சு, ஆர்டித்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து டெல்பர்ட் வண்டியை நிறுத்தினார். அழவில்லை. கரண்டியைக் குழம்புக்குள் தவறவிட்ட அன்றைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. இந்த ஆளோடு வேறென்னதான் செய்வது, சொல்லுங்கள்? டெல்பர்ட்டுக்குத் தைரியம் வந்தது.

"எப்படியோ, நீ ஜெயிப்பேன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் ஆர்டித்.

டெல்பர்ட் திருப்தியாகத் தலையாட்டினார். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

முதல் கூட்டத்திலேயே தீயணைப்பு வண்டி ஊரிலேயே இருக்கும் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் ஆயிற்று. இரண்டாவது தீர்மானமும் ஒன்று இருந்தது. வண்டி பழசாகத் தெரிவதால்தான் விற்கச் சொல்கிறார்கள், ஆகவே சனிக்கிழமைதோறும் ஒரு தொண்டர் அதைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைக்க வேண்டும். புது டிரஸ்டி தன் கையாலேயே எழுதி, அந்த வண்டி நிற்கும் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள். ராண்டி வோஸ் முதல் ஆளாக வந்து படித்துவிட்டு, வாளியின்மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

'சனிக்கிழமை வண்டி கழுவுபவர்: மிஸ்டர் ஆர்டித் ஓல்த்ஹாஃப்.'

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். போன தேர்தலில் ஆட்டோக்காரரிடம் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மாநிலம் முழுக்க எத்தனை இடம் யாருக்கு என்று சொன்னது யார்? சொன்னதற்குப் பொருந்தாத முடிவு வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்" என்று மச்சினனிடம் சாதித்தது யார்? சரி, அதை விடுங்கள். உங்கள் தெருவுக்கு வார்டு கவுன்சிலர் யார்? பெயர்? தெரியும், நாக்கு நுனியில்தான் இருக்கிறது, இல்லையா? மெதுவாக ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கொட்டகையில் இன்னொரு வாளிக்கு இடமிருக்கிறது.

டெல்பர்ட் இப்போது அங்கேதான் இருக்கிறார். வண்டியின் இடதுபக்கத்தைக் கழுவி முடித்துவிட்டார், வலதுபக்கம் பாக்கி.